பெயர்ப் பங்காளி

பங்காளிகளில் பல வகை உண்டு. நிலத்தில் பங்கு கேட்பவர், கிணற்றில் பங்கு கேட்பவர், இரண்டும் இல்லாத குடும்பத்தில் பிறந்துவிட்டால் பழைய அலமாரியின் ஒரு கதவிலாவது பங்கு கேட்பவர் என்று உங்களுக்கே ஒன்றிரண்டு பேரைத் தெரிந்திருக்கும். இவர்களை எல்லாம் வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் இன்று அறிமுகப்படுத்தப்போகிறவர் எந்தக் கோர்ட்டுக்கும் போகாதவர். யார் வீட்டு அலமாரியும் வேண்டாதவர். அவர் பங்கு கேட்பது புகழில். எங்கோ ஒருவர் ராப்பகலாகப் பாடுபட்டு, வியர்வை சிந்தி, பெண்டாட்டி பிள்ளைகளை மறந்து சம்பாதித்த புகழில், ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல், உறவும் இல்லாமல் ஒட்டும் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதியை வாங்கிக்கொள்வார். அதற்கு அவரிடம் என்ன தகுதி இருக்கிறது? இருவருக்கும் ஒரே பெயர். அவ்வளவுதான்.

இந்த இனத்துக்குப் பெயர்ப் பங்காளி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். 

ஆளை எப்படி அடையாளம் காண்பது? காலையில் செய்தித்தாள் படிக்கும்போது பாருங்கள். நீங்களும் நானும் முதல் பக்கத்திலிருந்தோ கடைசிப் பக்கத்திலிருந்தோ தொடங்குவோம். பெயர்ப் பங்காளி எங்கிருந்தும் தொடங்குவதில்லை. பேன் பார்ப்பதுபோல வரிகளை விலக்கிக்கொண்டே போவார். போர், வெள்ளம், பால் விலை, பஸ் கட்டணம் எதுவும் அவர் கண்ணில் படாது. எங்காவது ஓரிடத்தில் தன் பெயர் தட்டுப்பட்டதும் விரல் நிற்கும். ஒருமுறை இருமுவார். அந்த இருமல்தான் நமக்கு அழைப்பு.

"இன்னைக்குப் பேப்பர் பாத்தியா?"

"பாத்தேன். பால் விலை மறுபடி ஏறிடுச்சு."

"அதை விடுப்பா. நாலாம் பக்கம் பாரு. நம்மாளு மலை ஏறியிருக்காரு!"

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"பேரைப் படி."

நாம் படிக்கிறோம். பிறகு அவர் முகத்தைப் பார்க்கிறோம். அங்கே பனி படர்ந்த சிகரத்தில் இப்போதுதான் கொடி நட்டுவிட்டு இறங்கி வந்த களைப்பு தெரியும். மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் மனிதர் அவர். ஆனாலும் அன்று முழுக்க அலுவலகத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டே நடப்பார். ஊரான் வீட்டு நெய் என்றால் கை தாராளமாகத்தானே ஓடும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பொய் சொல்வதே இல்லை. 'நான்தான் அவர்' என்று சொல்வது ஏமாற்றுக்காரர்களின் வேலை. பெயர்ப் பங்காளி மானஸ்தர். அவர் செய்வதெல்லாம் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் தன் பெயரை நிறுத்தி, நிதானமாகச் சொல்வது, சொல்லிவிட்டுக் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது அவருடைய கலை முழுவதும். 'அட, அந்தப் பாடகர் பேரா!' என்று எதிராளி சொல்லிவிட்டால் போதும், அவருக்கு ஆயுள் முழுக்க நண்பர். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் தாமே எடுத்துக்கொடுப்பார். "அந்தப் பாடகர் பேர் மாதிரியே இருக்கேன்னு நினைக்கிறீங்க இல்ல?" என்பார். "எந்தப் பாடகர்?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் அந்த உறவு அத்தோடு முறிந்தது.

இந்த இனத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. அதில் முதன்மையானது இனிஷியல் சட்டம். பெயருடையவர் நல்லது செய்தால் இனிஷியலைப் பார்க்கக்கூடாது. க-வாக இருந்தால் என்ன, வே-யாக இருந்தால் என்ன, மனிதருக்குள் எழுத்து வித்தியாசம் பார்ப்பது அற்பத்தனம். அதே பெயருடைய ஒருவர் ஊரை ஏமாற்றிப் பிடிபட்டு, முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு போலீஸ் வண்டியில் ஏறும் படம் வந்துவிட்டதா? உடனே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இனிஷியலைப் பாருங்க சார், இனிஷியலை! அது வேற ஆளு" என்று மேசை மேசையாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். யாரும் அவரைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அதுதான் அவருக்கு வருத்தமே.

இரண்டாவது சட்டம் இன்னும் விசித்திரமானது. அதே பெயரில் சாதாரண ஆள் யாரும் இருக்கக்கூடாது. நீதிபதி இருக்கலாம், விஞ்ஞானி இருக்கலாம். பக்கத்துத் தெருவில் தையற்கடை வைத்திருப்பவருக்கு அதே பெயர் இருந்து, அவருக்கு வரவேண்டிய பார்சல் ஒன்று தவறுதலாக இவர் வீட்டுக்கு வந்துவிட்டால் வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "கண்டவனெல்லாம் இந்தப் பேரை வெச்சுக்கிட்டா பேருக்கு என்ன மரியாதை இருக்கும்?" என்பார். தையற்காரரின் அப்பா இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? என் சகலை ஒரு பெயர்ப் பங்காளி. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். தூரத்தில் இருக்கும் புலியைப் பற்றி நான் எழுதவில்லை. வாரத்துக்கு நான்கு நாள் என் வீட்டு நாற்காலியில் உட்காரும் புலியைப் பற்றி எழுதுகிறேன்.

அவருக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. உயர உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குவதைச் சோதித்து, கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் ஆள் கெட்டி. அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் நடுவழியில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அதைப் பற்றி அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசுவதெல்லாம் நீதிபதி, மலையேறியவர், கண் டாக்டர், வால்நட்சத்திரம் கண்டுபிடித்தவர், பாடகர் என்று தன் பெயரைத் தாங்கிய ஐந்து பெரிய மனிதர்களைப் பற்றித்தான். அதையும் எங்கே பேசுவார்? லிஃப்டுக்குள். கதவு மூடியதும் தொடங்குவார். பத்தாம் மாடிக்குப் போகிறவர் தப்பித்து எங்கே ஓடுவார்? பாவம், ஐந்தாம் மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனவர்களும் உண்டு.

அவர் குடியிருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் மகா கறார். ஹால் சுவரில் ஏற்கனவே இருக்கும் ஐந்து ஆணிக்கு மேல் ஆறாவது அடித்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இந்தக் கதையில் வருகிற அத்தனை துன்பத்துக்கும் காரணம் அந்த ஆறாவது ஆணி இல்லாததுதான். செய்தித்தாளில் வந்த படங்களை வெட்டி, கண்ணாடி போட்டு, நான்கு ஆணிகளில் நான்கு பெரிய மனிதர்களை மாட்டிவிட்டார் சகலை. நடு ஆணியில், வாசலைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், அவருடைய கல்யாணப் படம் இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் சகலைக்குத் தலை நிறைய முடி. படம் எடுத்தவரை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் அண்ணி, அதாவது என் மனைவியின் அக்கா, யாரோ சொன்ன எதற்கோ சிரித்தபடி இரண்டு கண்களையும் இறுக மூடியிருப்பார். எடுத்ததில் தேறியது அது ஒன்றுதான். ஒருநாள் சகலை அதை இறக்கிவிட்டார்.

"எதுக்கு எறக்குறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"பாடகருக்கு இடம் வேணும். அதோட இதுல நீ கண்ணை மூடியிருக்கே."

"அன்னைக்கு மூடினதுதான். இன்னும் திறக்கலை. திறந்திருந்தா இத்தனை வருஷம் உங்ககூட இருந்திருப்பேனா?"

சகலை அசையவில்லை. பாடகரை மட்டும் வெட்டிய படமாக மாட்ட அவருக்கு மனம் இல்லை. நேரில் பார்த்து, தோளோடு தோள் நின்று, இருவருமாக எடுத்த படம்தான் நடு ஆணியில் ஏற வேண்டும். அதுவரை வேறு யாரும் அந்த இடத்தைப் பிடித்துவிடக்கூடாதே என்று ஆணியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது மாதிரி.

 அண்ணி படத்தை ஒரு பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஹாலில் ஒரு ஆணி சும்மா இருந்தது. மாட்டிவிட்டுப் போய்விட்டார். இப்படியாக எங்கள் வீட்டு ஹாலில் எங்கள் கல்யாணப் படம் கிடையாது, அவர்கள் கல்யாணப் படம் உண்டு என்ற நிலைமை ஏற்பட்டது. வருகிறவர்களெல்லாம் படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "ரொம்ப மாறிட்டீங்களே" என்பார்கள். என் மனைவியிடம், "மூத்த தாரமா?" என்று மெதுவாகக் கேட்ட புண்ணியவதியும் ஒருவர் உண்டு. அண்ணி தினமும் வந்து படத்தைத் துடைத்துவிட்டுப் போவார். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு சகோதரிகளுக்கு நடுவில் பேசிப் பிழைத்த ஆண்பிள்ளை யார்?

பிறகு அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. சகலையின் மேலதிகாரி குடும்பத்தோடு வாழ்த்த வந்திருந்தார். நல்ல மனிதர், ஹால் சுவரில் வரிசையாக இருந்த நான்கு ஆண்களையும் நடுவில் தொங்கிய துண்டையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு அண்ணியிடம் திரும்பி, "இவங்க எல்லாம் உங்க அண்ணன் தம்பிங்களாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி சிரித்துக்கொண்டே எல்லோரையும் வழியனுப்பினார். கதவைச் சாத்தினார். அடுத்த அரை மணியில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றார்.

"தம்பி, நான் என் படம் இருக்குற வீட்டுலயே இருந்துக்குறேன்" என்றார்.

அவர் விதித்தது ஒரே நிபந்தனை. கல்யாணப் படம் அந்த நடு ஆணிக்குப் போனால் அவரும் போவார். போகாவிட்டால் போகமாட்டார். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? இருபத்தைந்து வருடக் குடித்தனம் ஒரு ஆணியில் தொங்கியது. என் பாடு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அன்று முதல் நான் சோபாவில் படுத்தேன். என் வீட்டில் எந்தப் பேச்சுக்கும் இரண்டு குரலும் ஒரே தீர்ப்பும் ஆயின. பெயர்ப் பங்காளியைத் திட்டுவதை விட்டுவிட்டு எதற்கு ஆண் வர்க்கத்தையே பொதுவாகத் திட்டுகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சகலையிடம் போனேன். மனிதர் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

"அண்ணே, அண்ணியைக் கூட்டிட்டு வாங்க."

"வருவா சகலை. எங்க போயிடப்போறா?"

"அந்த நம்பிக்கையை விடுங்க. அந்தத் துண்டை எடுத்துட்டுப் படத்தை மாட்டினா இன்னைக்கே வந்துடுவாங்க."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உங்களுக்கு விஷயமே தெரியாது. அடுத்த சனிக்கிழமை பாடகர் இந்த ஊருக்கு வர்றாரு. ஒன்பதாம் மாடி அரங்கத்துல கச்சேரி. அந்தக் கட்டிடத்து லிஃப்ட் யாரோட பொறுப்பு? என் பொறுப்பு! ஒரே ஒரு போட்டோ. அதை மாட்டிட்டேன்னா என் ஜென்மம் கடைத்தேறிடும். அப்புறம் அவ படத்துக்கு வேற இடம் பாத்துக்கலாம்."

"வேற இடம்னா?"

"சமையலறையில ஒரு அலமாரி இருக்கே."

இதை நான் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

சனிக்கிழமை மாலை. சகலை சீருடையைத் தாமே இஸ்திரி போட்டுக்கொண்டதால் முதுகில் மட்டும் பிறைநிலா மாதிரி ஒரு தீய்ந்த தழும்பு. நான் படம் எடுக்க வேண்டியவன். ஃபோனைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். "ஒன்பது மாடி ஏற முக்கால் நிமிஷம்கூட ஆகாது சகலை. அதுக்குள்ள என்ன பேசுறது? அதனால நடுவுல நிறுத்தப்போறேன்" என்று என் காதில் சொன்னார். லிஃப்ட் பொத்தான்களுக்குக் கீழே ஒரு சாவித் துளை உண்டு. அவரிடம் இருக்கும் சாவியைத் திருப்பினால் நிற்கும், மறுபடி திருப்பினால் கிளம்பும்.

"அண்ணே, உங்க கையெழுத்துப் போட்ட லிஃப்ட் நின்னதே இல்லையே!"

"நம்மாளுக்காக ஒருநாள் நிக்கட்டும்" என்றார். அப்போது அவர் குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்தது.

பாடகர் வந்தார். வாத்தியங்களும் உதவியாளரும் முன்னாலேயே மேலே போய்விட்டதால் நாங்கள் காத்திருந்த லிஃப்டில் அவர் தனியாகத்தான் ஏறினார். வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துணி. குளிருக்கில்லை, குரலுக்கு. ஏறியதும் சிரித்தார். சகலைக்குக் கால் தரையில் படவில்லை. நான்காம் மாடி தாண்டியதும், "ஒரு நிமிஷம் சார், ஏதோ சத்தம் கேக்குது, பாத்துடறேன்" என்று சாவியைத் திருப்பினார். லிஃப்ட் நின்றது.

பாடகர் பதறவில்லை. "நிதானமா பாருங்க. இது நிக்காத லிஃப்டுன்னு கீழே சொன்னாங்க. இதுல இருக்குற பேரை நம்பித்தான் ஏறுறோம், கவலைப்படாதீங்கன்னாங்க" என்று அட்டையைச் சுட்டிக்காட்டினார். சகலையின் காது சிவந்துவிட்டது. பாடகர் அட்டையின் அருகே போய், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அட! என் பேரு!" என்றார்.

"என் பேரும் அதுதான் சார்" என்றார் சகலை. 

"அப்ப இந்தக் கையெழுத்து உங்களுதா? நீங்கதானா அந்த ஆளு?"

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். பெரிய மனிதர் என்று நினைத்தோமே, அவரும் இதே இனம்! ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். 

"மலை ஏறினாரே..." என்று சகலை தொடங்குவதற்குள், "நம்மாளு!" என்றார் பாடகர்.

"கண் டாக்டர்?"

"அவருகிட்ட கண்ணு காட்டவே ரயிலேறிப் போனேன். என் கண்ணு நல்லாத்தான் இருந்தது."

"அந்த மோசடிக்காரன்?"

"அவன் இனிஷியல் வேற!" என்று இருவரும் ஒரே குரலில், ஒரே சுருதியில் சொன்னார்கள். கச்சேரி அங்கேயே நடந்துவிட்டது.

பிறகு பாடகர் தம் ஃபோனை எடுத்துக் காட்டினார். எந்த ஊருக்குப் போனாலும் தம் பெயர் எங்கே தென்பட்டாலும் படம் எடுத்துக்கொள்வாராம். ஒரு ரொட்டிக் கடைப் பலகை, ஒரு படகின் பக்கவாட்டு, ஒரு சலூன் கண்ணாடி, எல்லாவற்றிலும் அந்தப் பெயர். "எல்லாத்தையும் பெரிசா போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன். ஆனா எல்லாம் வெறும் பலகைதான். ஆளு கிடைச்சது இதுதான் முதல் தடவை. வாங்க, ஒரு படம் எடுத்துக்கலாம். ஹால்ல நடுவுல மாட்டுறேன்" என்றார்.

எனக்கே மெய்சிலிர்த்தது. சகலையின் படம் பாடகர் வீட்டு நடு ஹாலில்! நான் ஃபோனைத் தூக்கினேன். சகலை தோளோடு தோள் நின்றார், தலைமுடியைச் சரிசெய்துகொண்டார், பூரிப்பு தாங்காமல் கேட்டார், "நடுவுல எங்க சார் இடம் இருக்கு? அவ்வளவு படம் இருக்குன்னீங்களே?"

"கல்யாணப் படம் இருந்த ஆணி காலியாத்தான் இருக்கு."

"அந்தப் படம்?"

"அவ எடுத்துட்டுப் போயிட்டா, பொண்ணு வீட்டுக்கு. ரெண்டு வருஷம் ஆகுது." பாடகர் சிரித்தார், மேடையில் பலமுறை சொல்லிக் கைத்தட்டல் வாங்கிய கதையைச் சொல்கிற சிரிப்பு. "'இந்த வீட்டுல உங்க பேருக்குத்தான் இடம் இருக்கு, எனக்கு இல்ல'ன்னா. வந்துடுவா, எங்க போயிடப்போறான்னு நானும் இருந்துட்டேன்."

 நின்றுபோன லிஃப்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஃபோனைப் பிடித்தபடி காத்திருந்தேன். சகலை பாடகரின் தோளிலிருந்து தம் தோளை மெல்ல விலக்கிக்கொண்டார்.

"சார், என்னை அங்க மாட்டாதீங்க" என்றார்.

"ஏன்?"

"அது அவங்க ஆணி சார்."

பாடகர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சிரிப்பு போன பிறகுதான் அவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சகலை சாவியைத் திருப்பினார். ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது. வெளியே கால் வைத்த பாடகர் திரும்பி எதையோ சொல்ல வந்தார். சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். கச்சேரிக்கு எங்களிடம் டிக்கெட் இருந்தது. நாங்கள் போகவில்லை. சகலை பேனாவை எடுத்து அட்டையில், 'இன்று ஒருமுறை நின்றது. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாய்மூடிப் பயணம் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினார். அண்ணி அப்போது என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதே, அதனால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது.

"தம்பி, அவர் எதுக்கு ஸ்டூல்ல ஏறுறாருன்னு கேளுங்க."

"சகலை, படத்தை எடுக்கத்தான்னு சொல்லுங்க."

"பாடகர் வரலியாமா, கேளுங்க."

"வந்தாருன்னு சொல்லுங்க. போட்டோ வேண்டாம்னுட்டேன்னு சொல்லுங்க."

அண்ணியின் கை சட்டையிலேயே நின்றது. "உடம்புக்கு ஏதாவதா, கேளுங்க தம்பி" என்றார். குரல் மாறிவிட்டிருந்தது.

சகலை படத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஸ்டூலிலிருந்து இறங்கினார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. "அவரு வீட்டுலயும் ஒரு ஆணி காலியா இருக்குடி. கேட்டதும் பயந்துட்டேன்" என்றார்.

அண்ணி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "நான் கண்ணை மூடியிருக்குற படமாச்சே, பரவாயில்லையா?" என்றார்.

"நீ மூடிக்கிட்டே இரு. திறந்தா போயிடுவே."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை எடுக்கப் போனார். திரும்பி வரும்போது கண் ஈரமாக இருந்தது, வாய் மட்டும், "முதுகுல என்ன இது, சட்டையைத் தீய்ச்சு வெச்சிருக்கீங்க?" என்று திட்டத் தொடங்கியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மனம்விட்டுச் சொல்கிறேன், அன்று அந்த இருவரும் பெட்டியும் படமுமாகத் தெருவில் இறங்கிப் போனதை மாடியிலிருந்து பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சோபாவையும் நினைத்துக்கொண்டேன்.

சகலை திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நாய் வாலை யார் நிமிர்த்த முடியும்? நீதிபதியும் டாக்டரும் மற்ற இருவரும் இன்னும் சுவரில்தான் இருக்கிறார்கள். நடுவில் கண்மூடிய அண்ணி. பக்கத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஐந்தாவது ஆளைக் காட்டி யாராவது, "இவரு யாரு?" என்று கேட்டால், "அது லிஃப்ட் பாக்குறவரு. அவரு கையெழுத்துப் போட்டா நிக்காது. ஒரே ஒரு தடவைதான் நின்னுது" என்கிறார் அண்ணி. சகலை அப்போது வெட்கப்பட்டு உள்ளே போய்விடுகிறார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஆணி காலி. எங்கள் கல்யாணப் படத்தை மாட்டலாம் என்று என் மனைவி நேற்றே சொன்னாள். மாட்டலாம்தான். ஆனால் போன வாரம் என் பெயருள்ள ஒருவர் கடலில் நீண்ட தூரம் நீந்திப் பரிசு வாங்கியிருக்கிறார். நல்ல தெளிவான படம். காலையில் என் மனைவி, "பேப்பர்ல என்னங்க இவ்வளவு பெரிய ஓட்டை?" என்று கேட்டாள். எலியாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

நீங்கள் சிரிக்காதீர்கள். என் சகலையின் பெயரை நான் கடைசிவரை சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் விடுவீர்களா? பாடகருக்கும் நீதிபதிக்கும் டாக்டருக்கும் மலையேறியவருக்கும் ஒன்றாகப் பொருந்துகிற அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று படித்துக்கொண்டே மனதுக்குள் ஒரு பெயரை வைத்துப் பார்த்தீர்களே, முதலில் வைத்துப் பார்த்தது யாருடைய பெயரை? நன்றாகத்தான் பொருந்தியிருக்கும். மோசடிக்காரர் வந்த இடத்தில் மட்டும் இனிஷியலை மாற்றிக்கொண்டீர்கள், இல்லையா?